சும்மா கிடைக்கும் மாத்திரை

கருங்கலுக்குப் பக்கத்தில் ஒரு முந்திரி ஆலையில் ஜெபகனி பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். ஊரில் அதை அண்டியாபீஸ் என்பார்கள். வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டி, பருப்பு உடையாமல் எடுக்கும் தல்லுப் பிரிவில் வேலை. கொட்டையிலிருந்து வரும் எண்ணெய் பட்டு விரல்கள் பத்தும் கறுத்துப் போயிருக்கும். சாம்பல் தேய்த்தாலும் சோப்பு போட்டாலும் அந்தக் கறுப்பு போகாது.

அவள் கணவன் எட்சன் கத்தாரில் பைப் ஃபிட்டராக இருந்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒருநாள் சொல்லாமல் வந்து இறங்கினான். "கம்பெனியில ஆளைக் கொறச்சிட்டான்" என்றான். பதினோரு மாதத்தில் ஆள் உருகிப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தான். இறப்பதற்கு நாலு நாள் முன்பு ஒரு நர்ஸ் ஜெபகனியைத் தனியாக அழைத்து அவள் கையிலிருந்தும் ரத்தம் எடுத்தாள். மறுநாள் முடிவு வந்தது. அவனுக்கு இருந்த எச்.ஐ.வி. அவளுக்கும் இருந்தது. மகள் பிரீனாவுக்கு இல்லை.

அடக்கத்துக்கு வந்தவர்களிடம் எட்சன் வீட்டார் மஞ்சள்காமாலை என்று சொன்னார்கள். அவளும் அதையே சொன்னாள். எல்லாம் முடிந்து அவன் பெட்டியைக் குடைந்தபோது கத்தார் ஆஸ்பத்திரியின் காகிதம் ஒன்று அகப்பட்டது. விமானம் ஏறுவதற்கு ஒரு மாதம் முந்தைய தேதி. கம்பெனி ஆளைக் குறைக்கவில்லை, ரத்தப் பரிசோதனையில் பிடிபட்டவனைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. தெரிந்துகொண்டே பதினோரு மாதம் பக்கத்தில் படுத்திருக்கிறான். அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு அது எரிந்து முடியும்வரை நின்று பார்த்தாள். அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும், இவர் இதை எதற்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் யோசித்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் இதற்கான கூட்டு மருந்து சும்மாவே கிடைக்கும் என்று அந்த நர்ஸ் சொல்லியிருந்தாள். ஜெபகனி போகவில்லை. சும்மா கொடுக்கிற மருந்து மருந்தாக இருக்குமா என்பது ஒரு சந்தேகம். அங்கே வரிசையில் நிற்கும்போது ஊர்க்காரர் யாராவது பார்த்துவிட்டால் பிரீனாவின் கதி என்ன என்பது இன்னொன்று. அதனால் கேரள எல்லைக்கு அப்பால், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஒரு தனியார் கிளினிக்கைத் தேடிப் பிடித்தாள். மேரி என்று பெயர் கொடுத்தாள்.

அங்கே மாதாமாதம் ரத்தம் எடுத்தார்கள். முடிவு என்ன என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆறு வகை மாத்திரை கொடுத்தார்கள். சம்பளத்தில் பாதிக்கு மேல் அங்கேயே போனது. கையில் பணம் குறைந்த மாதங்களில் பதினைந்து நாள் மருந்தை வாங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கினாள். அது கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

ஒரு விஷயம் மட்டும் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. மாத்திரை அட்டைகளில் பெயர் அச்சடித்த பக்கத்தைக் கத்தரித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். மருந்து எடுத்துத் தரும் பெண்ணிடம் கேட்டாள். "டாக்டர் அப்பிடிச் சொல்லியிருக்காரு" என்றாள் அவள். மூன்றாம் வருடம் டாக்டரிடமே கேட்டுவிட்டாள்.

"மருந்துக்க பேர எழுதித் தாருங்க டாக்டர்."

அவர் சிரித்தார். "எழுதித் தந்தா வாசிக்கத் தெரியுமா?"

பத்தாம் வகுப்பு பாஸானவள் ஜெபகனி. வெளியே வந்தாள். அடுத்த வாரம் ஆறு மாத்திரைகளையும் ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டு, தன்னைத் தெரியாத ஒரு மருந்துக்கடையைத் தேடித் திருவனந்தபுரம்வரை போனாள். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டி, மேலே பதிந்திருந்த எழுத்துகளைப் பார்த்தார். ஒன்றைத் தனியே ஒதுக்கி வைத்தார். "இது மட்டுந்தான் அந்த மருந்து. மத்ததெல்லாம் சத்து மாத்திரையும் வாயு மாத்திரையும்" என்றார்.

அதன் பிறகுதான் அரசு ஆஸ்பத்திரியில் இருந்த எச்.ஐ.வி. மருந்து மையத்துக்குப் போனாள். அதுவும் நம்பிப் போகவில்லை. வேறு வழி இல்லாமல் போனாள்.

அங்கே ஆலோசகராக இருந்தவள் ஜாஸ்மி, முப்பது வயதுப் பெண். வெள்ளை டப்பா ஒன்றை மேஜைமேல் வைத்து, "இதுல முப்பது மாத்திரை இருக்கு. தெனம் ஒண்ணு. ஒரு மாத்திரையிலயே மூணு மருந்து உண்டு. ஒரு நாளும் விடப்பிடாது" என்றாள்.

ஜெபகனி டப்பாவைத் தொடவில்லை. "காசு வாங்காம எதுக்காக்கும் தாறிய?"

"கவர்மெண்டு காசு குடுக்குது, அக்கா."

"கவர்மெண்டுக்கு இதுல என்ன கிட்டும்?"

இந்தக் கேள்வியை ஜாஸ்மியிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள். "நீங்க ஒழுங்கா மருந்து சாப்பிட்டா ஒங்க ரத்தத்துல கிருமி அடங்கிரும். ஒங்ககிட்ட இருந்து வேற ஆருக்கும் போவாது. நீங்க கெடப்புல விழ மாட்டிய, வேலைக்குப் போவிய. கவர்மெண்டுக்கு அது லாபந்தானே?"

கொடுப்பவனுக்கும் இதில் ஒரு ஆதாயம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் ஜெபகனிக்கு மூச்சு வந்தது. டப்பாவை எடுத்து மூடியின் சீலைப் பார்த்தாள். காலாவதித் தேதியைப் பார்த்தாள். பஸ்ஸில் குலுங்கிச் சத்தம் வராதபடி உள்ளே பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த வருடம் கிருமியின் அளவைப் பரிசோதித்த முடிவு வந்தது. கண்டறிய முடியாத அளவு என்று போட்டிருந்தது. "ரத்தம் மாறிப் போயிருக்கும், இன்னொருக்கா எடுங்க" என்றாள் ஜெபகனி. ஜாஸ்மி அவள் பெயரையும் எண்ணையும் ஒப்பிட்டுக் காட்டினாள். அப்போதும் மனசு சமாதானமாகவில்லை. அதற்கடுத்த வருடமும் அதே முடிவு வந்தபோது பாதி நம்பினாள்.

இப்படி நாலு வருடம் போனது. முகக்கவசம் போடும் வழக்கம் வந்தது அவளுக்கு வசதியாகிவிட்டது. மையத்துக்குப் போகும் நாளில் கண்ணை மட்டும் விட்டு மற்றதை மூடிக்கொள்வாள்.

போன வருடம் ஆவணியில் ஒருநாள் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியபோது, வராந்தா பெஞ்சில் சுயம்புலிங்கம் உட்கார்ந்திருந்தார். அண்டியாபீஸ் மேஸ்திரி. அய்யாவழிக்காரர், ஐம்பத்தைந்து வயது, அதிர்ந்து பேசாதவர். கையில் ஒரு கறுப்பு ரெக்சின் பை. ஜெபகனி தலையைக் குனிந்துகொண்டு சுவரோரமாக நடந்தாள். முகம் மூடியிருந்தது. ஆனால் டப்பாவைப் பிடித்திருந்த கை மூடியிருக்கவில்லை. அவர் அந்தக் கறுத்த விரல்களைப் பார்த்தார், பிறகு கண்களைப் பார்த்தார், பிறகு பெஞ்சில் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அன்றிரவு அவள் எண்ணிப் பார்த்தாள். மேஸ்திரி ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாப்பிடுகிற பருப்பைத் தொடுகிறவள் என்று முதலாளி மறுநாளே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார். தொட்டால் ஒட்டாது என்று எந்தக் காகிதத்தைக் காட்டினாலும் கேட்க ஆள் இருக்காது.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராவது நாள் சுயம்புலிங்கம் எல்லார் முன்னாலும், "ஜெபகனி இனி கிரேடிங்குக்குப் போவட்டும்" என்றார். பருப்பைத் தரம் பிரிக்கும் வேலை. பெஞ்சில் உட்காரலாம், கையில் கறை படாது. தல்லுப் பிரிவில் உள்ளவர்கள் வருடக்கணக்காகக் கேட்டும் கிடைக்காத இடம்.

ஜெபகனிக்குப் பயம் இரட்டிப்பானது. கேட்காமல் எதற்குத் தருகிறார்? விதவையின் ரகசியத்தைக் கையில் வைத்துக்கொண்ட ஆம்பளை அடுத்து என்ன கேட்பார் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. வேலை முடிந்ததும், தல்லில் கூட வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு ஜெப்சியோடு ஒட்டிக்கொண்டே வெளியே வந்தாள். அந்த ஜெப்சியும் ஒருநாள் கேட்டுவிட்டாள். "ஏட்டி, மேஸ்திரிக்கும் ஒனக்கும் என்ன? எங்களுக்கில்லாத பெஞ்சு ஒனக்கு மட்டும் எப்பிடி?"

மறுநாள் காலை ஜெபகனி நேராகச் சுயம்புலிங்கத்தின் மேஜைக்குப் போனாள். "அண்ணே, என்னைப் பழையபடி தல்லுக்கே விட்டுருங்க."

அவர் முகம் வெளிறியது. சுற்றிலும் பார்த்துவிட்டு, "சாயங்காலம் கேட்டுப் பக்கம் ஒருக்கா நில்லு" என்றார்.

நின்றாள். ஆலை வாசலுக்கு வெளியே, ஆட்கள் நடமாடும் ரோட்டோரத்திலேயே நின்றாள். அவர் வந்து இரண்டடி தள்ளி நின்றார்.

"அன்னைக்கு நீ என்னைக் கண்டல்லா?"

"கண்டேன்."

"ஆருட்டயாவது சொன்னியா?"

ஜெபகனிக்கு முதலில் புரியவில்லை. அவள் வாயில் வரவேண்டிய கேள்வியை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்க மோளு இந்துஜாவுக்குத் தையில கல்யாணம் பேசி வச்சிருக்கு" என்றார். "நீ ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் முடிஞ்சு. அந்தப் பயத்துலதான் ஒன்னைப் பெஞ்சுக்கு மாத்தினேன். வேற ஒண்ணும் நெனச்சிராத."

"மருந்து ஒங்களுக்காக்குமா?"

"எனக்கில்ல. சஜினுக்கு."

சஜின் அவர் மகன், இருபத்தாறு வயது. குவைத் போக விசா வந்து, மெடிக்கல் பரிசோதனையில் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவன். முடிவு தப்பு என்று மூன்று இடத்தில் மாற்றி மாற்றி ரத்தம் கொடுத்தான். மூன்றிலும் அதே பதில். அரசு மையத்துக்கு வரமாட்டேன் என்கிறான். அவன் வராமல் மருந்து தரமுடியாது என்று மையத்தில் அப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "ஓசி மருந்து தின்னு சாவச் சொல்லுகியளான்னு கேக்கான். எல்லைக்கு அந்தால ஒரு கிளினிக்குக்குப் போவுகான். அஞ்சாறு மாத்திரை தாறாங்க. அட்டையில பேரு கூட இல்ல" என்றார் சுயம்புலிங்கம்.

ஜெபகனி அப்போது வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. மகன் என்று சொல்லித் தன் வாயைக் கிளறுகிறாரோ? நாளைக்கு, "அவளே ஒத்துக்கொண்டாள்" என்று சொல்வாரோ? ஒரு வாரம் இதையே போட்டுப் புரட்டினாள். கிரேடிங் பெஞ்சை விட்டுத் தல்லுக்குத் திரும்பிவிட்டாள். அவர் மறுக்கவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகும் அவள் மனதில் நின்றது மேஸ்திரியின் முகம் அல்ல, டாக்டரின் சிரிப்பு. அதே ஆள் இன்னொருவனிடமும் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

மேஸ்திரியிடம் போய்ச் சொன்னாள். "ஞாயிறாழ்ச்ச சர்ச் கழிஞ்சு தேங்காய்ப்பட்டணம் ஹார்பருக்கு மோனைக் கூட்டிட்டு வாருங்க. வீட்டுக்கு வரமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை படகுகள் போவதில்லை. வலைகளைக் குவித்துப் போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் சஜின் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான். தாடி வளர்த்து, மெலிந்த பையன். சுயம்புலிங்கம் தூரத்தில் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார்.

ஜெபகனி பையிலிருந்து, கிருமி அடங்கிவிட்டது என்று காட்டும் தன் பரிசோதனை முடிவை எடுத்து நீட்டினாள். பெயர் இருந்த மேல்பகுதியை மடித்து வைத்திருந்தாள்.

சஜின் வாங்கிப் பார்த்தான். "பேர மடக்கி வச்சிருக்கிய. இது ஒங்களதுன்னு நான் எப்பிடி நம்ப?"

அவள் காகிதத்தை வாங்கி மடிப்பைப் பிரித்துத் திரும்பக் கொடுத்தாள். பிரீனாவுக்குக்கூட அந்தக் காகிதத்தை அவள் காட்டியதில்லை. 

அவன் காகிதத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து முத்திரையைப் பார்த்தான். தேதியைப் பார்த்தான். "அப்பா எவ்வளவு தந்தாரு ஒங்களுக்கு?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. தான் கேட்டிருக்கக்கூடிய கேள்விதான். "எனக்கு ஒண்ணும் தரல. நான் சொல்லுகத நம்பவும் வேண்டாம், மோனே. அடுத்த மட்டம் போவும்ப அந்த டாக்டருட்ட மருந்துக்க பேர எழுதிக் கேளு. அவரு எழுதித் தந்தா நான் சொன்னது கள்ளம், நீ அங்கயே போ. இல்லியா, ஒவ்வொண்ணுலயும் ஒரு மாத்திரைய எடுத்துட்டு நாலு கடை ஏறு."

"நீங்க அங்க போயிருக்கியளா?"

"மூணு வருசம் போனேன். எனக்க பேரு அங்க மேரி."

சஜின் காகிதத்தை ஒழுங்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தான். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து மூன்று வாரம் ஜெபகனி பயந்துகொண்டே வேலைக்குப் போனாள். தன் பெயரை ஒரு வாலிபனிடம் கொடுத்துவிட்டேனே, அவன் கோபத்தில் எங்கே போய் என்ன சொல்வானோ என்று ஒவ்வொரு நாளும் எண்ணினாள்.

ஐப்பசி மாதம் மையத்துக்குப் போனபோது சஜின் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி செல்போனைக் குனிந்து பார்த்தான். கிளினிக் டாக்டர் என்ன சொன்னார் என்று பிறகு மேஸ்திரி மூலமாகத்தான் தெரிந்தது. பெயரைக் கேட்டதும், நம்பிக்கை இல்லாதவன் இங்கே வரவேண்டாம் என்று கத்தினாராம். சஜின் மாத்திரைகளைக் காட்டிய கடைகளிலும் அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இந்துஜாவின் கல்யாணம் தையில் நல்லபடியாக நடந்தது. ஆலையில் எல்லாரோடும் போய் ஜெபகனியும் சாப்பிட்டுவிட்டு வந்தாள். சஜின் இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு டைல்ஸ் கடையில் இருக்கிறான், உடம்பு தேறியிருக்கிறது. வெளிநாடு இனிக் கிடையாது என்ற வருத்தம் அவனுக்குப் போகவில்லை. ஜெபகனி லீவு கேட்கும் நாளில் சுயம்புலிங்கம் காரணம் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறார். அதற்கு மேல் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

போன மாதம் மையத்தில் ஜாஸ்மி ஒரு டப்பாவுக்குப் பதிலாக மூன்று டப்பா எடுத்து வைத்தாள்.

ஜெபகனி நெற்றியைச் சுருக்கினாள். "என்னத்துக்கு மூணு? சென்டரை மூடப் போறியளா?"

"இல்லக்கா. ஒங்களுக்கு எல்லாம் நல்லா இருக்கு. மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்."

"அத ஆரு சொன்னா?"

ஜாஸ்மி சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்து அரசு உத்தரவின் நகலை எடுத்துக் கொடுத்தாள். ஜெபகனி அதை ஜன்னலோரம் கொண்டுபோய் இரண்டு தடவை வாசித்தாள். பிறகு மூன்று டப்பாவின் தேதியையும் தனித்தனியே பார்த்துப் பைக்குள் வைத்தாள். மூன்றுக்கும் போதுமான பஞ்சு அவளிடம் இல்லை. மையத்து நர்ஸிடம் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.