மீட்டருக்கு மூன்றடி

தூத்துக்குடித் துறைமுகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில், மனக்கணக்கில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கப்பலிலிருந்து தாது இறங்கியது. அதன் அடர்த்தி, கப்பல் தாளில் கன அடிக்கு இத்தனை பவுண்டு என்று இருந்தது. மீட்டருக்கு மூன்றடி என்று வைத்து நொடியில் கிலோவாக்கிவிட்டேன். உண்மையில் கன மீட்டருக்கு முப்பத்தைந்து கன அடி. நான் போட்டதோ இருபத்தேழு. கிரேன் வாளி அள்ளும் தாதின் எடை உண்மையைவிடக் குறைவாக வந்தது.

"தம்பி, வாளி நிறைய அள்ளலாமா?" என்று கிரேன் ஓட்டும் அண்ணாச்சி கேட்டார்.

"தாராளமா அள்ளுங்க அண்ணாச்சி!"

வாளி மேலே எழும்பியதும் கிரேன் அப்படியே சாய்ந்து ஒரு லாரியை நசுக்கியது. டீ குடிக்க இறங்கியிருந்ததால் லாரி டிரைவர் பிழைத்தார்.

லாரிக்காரர்கள் அண்ணாச்சியை வெளியே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். "ஏலே, குடிச்சிட்டா கிரேன்ல ஏறுன?"

பல் உடைந்து ரத்தம் கொட்டியது. தப்பு என்னுடையது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் பேசாமல் நின்றேன். நாலாவது உதைக்குப் பிறகுதான், "கணக்கு நான் போட்டது!" என்று கத்தினேன்.

ஒருவன் என் சட்டையைப் பிடித்துக் கையை ஓங்கினான்.

"அவன விடுலே. அவனே சொல்லிட்டாம்லா" என்று தரையில் கிடந்தபடியே அண்ணாச்சி தடுத்தார்.

என் மேல் ஒரு அடிகூட விழவில்லை. வேலை போனது, அது நியாயம். கணக்கை அன்றே திருத்திக்கொண்டேன். புரிந்த பிறகும் அண்ணாச்சியை நான் வாங்கவிட்ட அந்த உதைகளை என்ன செய்வதென்றுதான் இன்னும் தெரியவில்லை.