கேசட்டும் எலுமிச்சம்பழமும்

என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் ஒரு மில்லில் ராத்திரி ஷிப்ட் ஃபிட்டர். ஆயுத பூஜைக்கு மற்றவர்கள் சாமான்களைத் துடைப்பார்கள், இவர் கழற்றுவார். ஃபேன், மிக்சி எதுவும் தப்பாது. பாகம் பாகமாகப் பொட்டு வைத்துத் திரும்பப் பூட்டினால்தான் சாமி கும்பிட்ட திருப்தி அவருக்கு. போன வருடம் என் சைக்கிள் மாட்டிக்கொண்டது.

அந்த சைக்கிள் இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. குயிலாப்பாளையத்தில் ரொட்டி சுடும் இடத்தில், விடியற்காலையில் மாவு பிசைய நிற்க வேண்டும். வானூரிலிருந்து அந்த நேரத்துக்கு எனக்கு பஸ் கிடைக்காது. அவரோ மில்லில் இருப்பார். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரம்மா, கழற்றும் சாவிகளோடு கொடுத்துவிட்டுப் போன கியர் சைக்கிள் அது.

பூஜைக்கு மறுநாளே பின்சக்கரத்தில் லொடலொடவென்று சத்தம். கியர் மாற்றினால் செயின் தாவியது. பாதி வழி தள்ளிக்கொண்டே போய், அந்த வாரம் முழுக்கத் தாமதம். திங்கட்கிழமையும் இப்படி என்றால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று முதலாளியம்மா தன்மையாகவே சொன்னார். தன்மையாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து வந்தவர் தூங்கவில்லை. அச்சு தேய்ந்துவிட்டது, வேறு சக்கரம்தான் போட வேண்டும் என்று முடிவு கட்டி, பல்சக்கர அடுக்கோடு அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். அந்த அடுக்குக்குப் பெயர் கேசட். திண்டிவனத்துக் கடையில் இருந்ததெல்லாம் பல்சக்கரத்தை மரையில் திருகி ஏற்றும் சக்கரங்கள். எங்களுடையதோ காடிப் பள்ளம் பார்த்துச் செருகுவது. சேரவில்லை. விழுப்புரத்துக்கு பஸ் ஏறினார். சக்கரத்துக்கும் டிக்கெட் எடு என்று கண்டக்டரோடு தகராறாம். குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டே போயிருக்கிறார்.

மதியம் போன் வந்தது.

"சக்கரம் நல்லாத்தான் கீதாம். கேசட்டுக்கு உள்ளாற மெல்லிசா ஒரு வளையம் இருக்கணுமாம். அது இல்லாததாலதான் ஆடிக்கினு கீது. நீ எங்கனா பாத்தியா?"

பூஜை அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் உருளாமலிருக்க அதன் அடியில் ஒரு வளையம். ஒரு வாரமாக தினமும் அதன் எதிரில் நின்று, சைக்கிளை நல்லபடியாக்கு என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

"சாமிகிட்ட கீதுங்க. நீங்க வச்சதுதான்."

அந்தப் பக்கம் கடைக்காரர் சிரிப்பது கேட்டது.

சாயங்காலம் வந்து, ஒரு வாய் காபி குடித்து, சந்தனம் ஒட்டிய அந்த வளையத்தை உள்ளே போட்டு கேசட்டை இறுக்கினார். ஆட்டம் நின்றது. கண் சிவந்துபோய், அப்படியே ஷிப்டுக்குக் கிளம்பினார். திட்ட ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

திங்கட்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது ரொட்டிக்கடைக் கதவே திறக்கவில்லை. படியில் உட்கார்ந்து அவருக்குப் போன் போட்டேன். மில் இரைச்சலுக்கு நடுவிலும் முதல் மணியிலேயே எடுத்தார்.

"போயிட்டியா?"

அதற்காகவே போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்த வருடமும் கழற்றத்தான் கழற்றினார். நான் தடுக்கவில்லை, எலுமிச்சம்பழத்துக்கு என் கண்ணாடி வளையல் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன்.