வாங்கை விட்டு எழும்பிய கிழமை

மகளுக்கு ஓட்டிசம். அவளைச் சாதாரண வகுப்பில் சேர்த்தபோது பள்ளிக்கூட அதிபர் ஒரு நிபந்தனை போட்டார்: தாயும் கூடவே இருக்க வேண்டும். ஒன்றரை வருடம் வகுப்பின் கடைசி வாங்கில், முழங்கால் மேசையில் இடிக்க இடிக்க உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் அவளுடைய டீச்சர் அதிபரிடம் மன்றாடி ஒரு கிழமை அவகாசம் வாங்கினார். அந்த ஐந்து நாளும் நான் இல்லாமல் பிள்ளை இருந்துவிட்டால் இனி நான் வரத் தேவையில்லை. இல்லாவிட்டால் மட்டக்களப்பு டவுனில் உள்ள விசேட பிரிவுக்கு மாற்ற வேண்டியதுதான். டீச்சர் ஒரு நாளைப் படங்களாக வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டினார்: கணக்கு, தமிழ், இடைவேளை, சித்திரம். கடைசி அட்டையில் நான், குடையோடு. ஒவ்வொரு பாடம் முடியவும் மகள் அதன் அட்டையைக் கழற்றிப் பெட்டியில் போடுவாள். என் படம் மட்டும் மிஞ்சினால் வீட்டுக்குப் போகலாம்.

நான்கு நாள் சமத்தாக இருந்தாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கூட்டிய முற்றத்தையே திரும்பவும் கூட்டினேன். போன் அடித்தால் பள்ளிக்கூடமோ என்று ஓடினேன். அடிக்காவிட்டால் அதைவிட மோசம். வெள்ளிக்கிழமை காலை வாவிக்கரையில் இறால் வாங்கினேன். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய கால் பள்ளிக்கூடப் பக்கம் போனது. ஒரு தரம் பார்த்துவிட்டு ஓடிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று யன்னலில் தலையை நீட்டினேன்.

கணக்குச் செய்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கண்டுவிட்டாள். அழவில்லை, கத்தவில்லை. எழும்பிப் போய் நான்கு அட்டைகளையும் கழற்றிப் பெட்டியில் போட்டாள். பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நேரம் ஒன்பதேகால்.

"இல்ல மகள், அம்மா சும்மா வந்தன். போய் இருங்க."

அம்மா சும்மா வருவது அவளுடைய சுவரில் இல்லை. என் கையைப் பிடித்து இழுத்தாள். என்மீதே வந்த ஆத்திரத்தில் இறால் பையை வீசி எறியலாம் போலிருந்தது.

வாசலில் நடந்த இழுபறியைக் கண்டு அதிபர் வந்தார். "என்ன டீச்சர், பிள்ளைக்கு இருக்க ஏலாதாமா?"

டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. "பிள்ளை நல்லாத்தான் இருந்தா சேர். அம்மாவாலதான் இருக்க ஏலாமப் போயிட்டு."

அதிபர் என்னையும் என் கையிலிருந்த இறாலையும் பார்த்தார்.

"அப்ப இன்னும் ஒரு கிழமை தாறன்," என்றார். "பிள்ளைக்கு இல்ல, உங்களுக்கு."