ஏழாம் நம்பர் பழுப்பு

மதியச் சாப்பாட்டு நேரம் வந்தால் கடையில் மற்றவர்கள் டிபன் டப்பாவைத் திறக்கிறார்கள். கலரக்கா இரண்டு தெரு தாண்டி வீட்டுக்கு ஓடி, கோழிக்கூண்டுக்குள் பாதி உடம்பை நுழைக்கிறார். அன்றைய முட்டையை வெளிச்சத்தில் பிடித்து, சட்டைப் பையிலிருந்து பெயிண்ட் கடை வண்ண அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைக்கிறார். "ஏழு. இன்னிக்கும் ஏழுதான்." அதற்குப் பிறகுதான் சோறு.

இருபது வருடமாக ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் கலந்து கொடுப்பவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவர் வளர்ப்பது அடர் பழுப்பில் முட்டையிடும் ஒரு பழைய கோழியினம். அதில் ஒரு தொல்லை உண்டு. நிறம் அடர்ந்தால் முட்டை குறையும். நிறைய இடுகிற கோழிக்கோ, மை தீர்ந்த பேனா மாதிரி, நிறம் வெளுத்துக்கொண்டே போகும். இரண்டும் ஒரே கோழியில் வேண்டும் என்று ஆறு வருடம் ஒற்றைக்காலில் நின்றார் அக்கா. கிடைத்தது 'மேனேஜர்' என்ற கோழி. வாரத்துக்கு ஐந்து முட்டை, அத்தனையும் ஏழாம் நம்பர். வேலை செய்கிற மேனேஜரை அக்கா பார்த்தது இங்கேதான்.

முட்டையைத் தொட அவர் கணவருக்கு அனுமதியில்லை. பஸ் ஓட்டுகிற அந்த நல்ல மனிதர், உதவி செய்வதாக நினைத்து ஒருமுறை ஆறு முட்டைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டார். நிறம் ஓட்டின் மேலே படிந்த பூச்சுதான். இட்ட ஈரம் காயும் முன் தொட்டால் விரலிலேயே வந்துவிடும். பதினோரு நாள் அவருக்கு "ம்" தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

போன மாதக் கோழிக் கண்காட்சிக்கு, அதே கடையில் வேலை செய்கிற நானும் கூடப் போனேன். கோழி நடுவருக்குக் காய்ச்சல் என்று வாத்து நடுவரை உட்கார வைத்திருந்தார்கள். மேனேஜரின் மூன்று முட்டைகளையும் உருட்டிப் பார்த்தவர், அக்காவிடம் என்ன வேலை என்று கேட்டார். பெயிண்ட் கலக்கிற வேலை என்றார் அக்கா. நடுவர் சிரித்துக்கொண்டே, 'செயற்கை நிறம் என்று சந்தேகம்' என எழுதினார். அந்தக் குறிப்பு அப்படியே இருந்துவிட்டால் மேனேஜரின் குஞ்சு ஒன்றைக்கூட இனப் பதிவேட்டில் சேர்க்க மாட்டார்கள். ஆறு வருட உழைப்பும் வீண்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "ஐயா, இப்ப மணி பத்தேமுக்கால். பன்னெண்டு வரைக்கும் மேனேஜர் கூண்டு முன்னாடி உக்காருங்க. நான் பேசல, அவ பேசுவா."

நடுவர் வீம்புக்கு உட்கார்ந்தார். அக்கா பத்தடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வான்கோழிகளைப் பார்க்க வந்த கூட்டம்கூட இங்கே வந்து நின்றது. பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருக்கும்போது மேனேஜர் எழுந்து, உடம்பை உலுக்கிக்கொண்டு நகர்ந்தது.

நடுவரே கூண்டைத் திறந்து முட்டையை எடுத்தார். ஓடு இன்னும் காயவில்லை. பிடித்த இடத்தில் ஒரு வெளிர் கோடு விழுந்தது. அவர் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். அடர் பழுப்பு.

அக்கா பக்கத்தில் வந்து, சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து அந்த விரலோடு ஒட்டிப் பிடித்தார்.

"ஏழு," என்றார்.