செவலைப் பசுவின் காதுகள்

நல்லேப்பிள்ளி தாண்டியதும் ஆட்டோ பஞ்சராகி நிற்கிறது. டிரைவர் சக்கரம் மாற்றும்வரை வரப்போரத் தென்னை நிழலுக்கு ஒதுங்குகிறேன். அங்கே ஒரு செவலைப் பசு தலையீத்து வலியில் படுத்திருக்கிறது. கன்றின் முன்னங்கால்கள் வெளியே தெரிகின்றன. பக்கத்தில் அதன் சொந்தக்காரி சரசக்கா.

திடீரென்று தலைக்கு மேலே ஒரு போர் விமானம் கடக்கிறது. பசு திமிறி எழப் பார்க்கிறது. அக்கா அதன் கழுத்தில் சாய்ந்து, இரண்டு காதுகளையும் பொத்திக்கொள்கிறார்.

"இப்ப மெரண்டு ஓடினா கன்னு போயிருமுங்க. இவ ஆத்தா காலத்துல காத்தாடி வெச்ச பிளேனுதான் போகும். அது பாட்டுக்கு அசை போட்டுட்டு நிக்கும். அம்மிணிக்கு எங்கீங்க வேல?"

"இப்பப் போச்சே, அந்த மாதிரி விமானத்தோட எஞ்சினைச் சோதிக்கிற வேலைக்கா."

என்னை மேலும் கீழும் பார்க்கிறார்.

"அப்ப ஒரு போனப் போட்டுச் சொல்லுங்க. இங்க ஒருத்தி பிரசவத்துல இருக்கறா, வடக்கால சுத்திப் போகட்டும்னு."

இருவருக்கும் சிரிப்பு வருகிறது. சோதனைக் கூடத்தில் உந்துவிசை, வெப்பம், அதிர்வு, சத்தம் என்று வரிசையாகக் குறிப்போம். சத்தம் எங்களுக்கு ஓர் எண். அதைக் கேட்கும் காதுகளை நான் இதுவரை நினைத்ததில்லை.

கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுகிறது. பசு திரும்பி நக்கத் தொடங்கும்போது கிழக்கிலிருந்து மறுபடி அந்த உறுமல். அக்கா தாயின் காதுகளைப் பொத்துகிறார். நான் கன்றின் ஈரக் காதுகளைப் பொத்துகிறேன். சத்தம் முழுவதும் அடங்கும்வரை நாங்கள் கையை எடுக்கவில்லை.

சக்கரம் மாற்றி முடித்த டிரைவர் ஹாரன் அடிக்காமல், வரப்பில் நடந்துவந்து என்னைக் கூப்பிடுகிறார்.