டைமர்

கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜில் என் அறைத்தோழர் மெலிந்த மனிதர்; எதையும் அதன் சரியான பெயரால்தான் சொல்வார். சின்ன மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சர்க்கிட் ஒன்றை எனக்காகச் செய்து காட்டினார்.

“கரண்டைக் குறைக்கிறேல்லை. கெதி கெதியா வெட்டி வெட்டி விடுறம். கூட நேரம் விட்டா வேகமாச் சுத்தும்.”

“இந்தக் கறுப்புச் சாமான்?”

“சாமான் எண்டாதேயும். டைமர் எண்டு சொல்லும்.”

மறுநாள் காலை பொலிஸ் செக்கிங் வந்தது. மேசையிலிருந்த சர்க்கிட்டைத் தூக்கிய பொலிஸ்காரர், அந்தக் கறுப்புச் சாமானைக் காட்டி இது என்னவென்று சிங்களத்தில் கேட்டார்.

“டைமர்,” என்றார் அறைத்தோழர்.

குண்டுக்கும் டைமர் வைத்த காலம் அது. எனக்குச் சிங்களம் நன்றாக வரும்; ஃபேன் ரெகுலேட்டர் என்று சமாளித்திருக்கலாம். பேசாமல் நின்றேன். அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை.

அந்தச் சர்க்கிட் யாருடையது என்று அவர்கள் கேட்கவில்லை. எனக்காகச் செய்தது என்று நானும் சொல்லவில்லை.