காலி நாற்காலியின் செல்வாக்கு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து அக்கா அமைதிக் குழுவில் இடம் கேட்டதே இல்லை. சண்டை ஓய்ந்தபின் இரு தரப்பும் உட்கார்ந்து பேச ஒரு குழு அமைந்தது. ஒரு பெண்ணாவது இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது என்று உதவி கொடுக்கும் வெளிநாட்டார் விதி வைத்தார்கள். இரு தரப்புக் காயத்தின் ரத்தத்தையும் ஆஸ்பத்திரித் தொட்டியில் அலசியவள் என்பதால் அவளை யாரும் மறுக்கவில்லை.

அவளுக்கு இருந்த கோரிக்கை ஒன்றுதான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடி. அங்கே பெண்களையும் ஆண்களே தடவிச் சோதித்தார்கள். உடன் வேலை பார்த்த மகள் அது பொறுக்காமல் வேலையையே விட்டுவிட்டு வீட்டில் சுருண்டு கிடந்தாள். சாவடியில் ஒரு பெண்ணை நிறுத்த வேண்டும், அவ்வளவே.

"உங்க விஷயம் ரொம்ப முக்கியம்மா. அதான் கடைசியில நிதானமா பேசலாம்னு வெச்சிருக்கேன்" என்பார் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி. கடைசிக்கு முன் டீ வந்துவிடும். டீக்குப் பிறகு ஆள் இருக்காது. பாதுகாப்பைப் பற்றி நாள் முழுக்கக் கேட்டுவிட்டு, திரும்பும் வழியில் அதே சாவடியில் அவளும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள்.

ஒரு வாரம் அவள் போகவில்லை. கோபமெல்லாம் இல்லை, அலுப்பு. கூட்டம் நின்றது. அடுத்த வாரமும் அப்படியே. அவள் வாய் திறந்தபோது அசையாதவர்கள், வாயை மூடிக்கொண்டு படுத்ததும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள்.

"நீங்க இல்லாம ஒண்ணும் நகரலம்மா" என்றார் தலைவர்.

"நான் இருந்தப்பவும் நகரலையேய்யா."

உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள். "அம்மா, டீ போடவா? குடிச்சாத்தான் கிளம்புவாங்க."

தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி, பொம்பள ஆளையே போட்டுடலாம். ஆனா ரெண்டு பக்கமும் நம்பணுமே. யாரு இருக்கா?"

கேட்டுவிட்டு அவளையே பார்த்தார். கூட வந்தவர்களும் பார்த்தார்கள். அக்கா பெருமூச்சு விட்டாள். கேட்டது கிடைத்தால் கேட்டவள் தலையிலேயே விடியும் என்பது அவளுக்குப் புதிதல்ல.

சாவடியில் நிற்பவர் குழுவில் இருக்கக் கூடாது என்று இன்னொரு விதி இருந்ததாம். அதனால் குழு இப்போது வேறொரு பெண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறது. சாவடி ஓடுகிறது, அமைதிப் பேச்சு நிற்கிறது.

ஒரு காலையில், மறுபடி வேலைக்குக் கிளம்பிய மகள் வரிசையில் வந்து நின்றாள். இரு தரப்புச் சாவடிக்காரர்களும் கவனித்தார்கள்.

"பையைத் திற."

"நீ கட்டிக் கொடுத்த சோறுதாம்மா."

"தெரியும். திற."